மே மாச வெயில்ல வளைகாப்பு போர்ட்ரெய்ட் எடுக்கணும், மதுரை பக்கம் எந்த இடம் நல்லாருக்கும்?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்காவுக்கு இப்ப ஏழாம் மாசம், வைகாசி பிறந்ததும் வளைகாப்பு வச்சிருக்காங்க. ஃபங்ஷன் மண்டபத்துல தான், அத எடுக்க வேற ஆள் இருக்காங்க. ஆனா அக்காவுக்கு என்ன ஆசைன்னா அதுக்கு முன்னாடி ஒரு நாள் வெளிய எங்கயாச்சும் போய் அவங்களும் மாமாவும் மட்டும், அப்புறம் அப்பத்தாவோட ஒண்ணு ரெண்டு, நிதானமா போர்ட்ரெய்ட் எடுத்து வச்சுக்கணும்னு. நான் தான் எடுக்கப்போறேன். என்கிட்ட ஒரு கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா பாடி, 50 மிமீ எஃப் 1.8, 18-55 கிட் லென்ஸ் இருக்கு, ஒரு ஸ்பீட்லைட் (கேமரா மேல மாட்டுற ஃபிளாஷ்) ஃபிரெண்டுகிட்ட வாங்கிக்கலாம்.

பிரச்சன என்னன்னா நம்ம ஊரு வெயில் உங்களுக்கே தெரியும், அக்னி நட்சத்திரம் ஓடிட்டு இருக்கும், 40 டிகிரிய தொட்டுட்டு நிக்கும். நான் மனசுல வச்சிருக்குற இடம் திருமலை நாயக்கர் மஹால், வண்டியூர் தெப்பக்குளம், கீழக்குயில்குடி சமணர் மலை. மாமா கொடைக்கானல் போயிரலாம்ங்குறாரு, அங்க குளுகுளுன்னு இருக்கும்னு. வீட்ல அம்மா வெளியவே போகக்கூடாதுங்குறாங்க. படம் நல்லா வரணும், அத விட முக்கியம் அக்காவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. எந்த இடம், எத்தன மணிக்கு, என்ன எடுத்துட்டு போகணும், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


மேலமாசி_கேமரா:

தம்பி, மொதல்ல உங்க அக்காவுக்கு வாழ்த்துக்கள், நல்லபடியா பிள்ள பிறக்கட்டும்.

நீங்க எடத்துல இருந்து ஆரம்பிக்கிறீங்க, நம்ம ஊர்ல மே மாசத்துல அப்படி ஆரம்பிக்கக்கூடாது. மொதல்ல நேரம், அடுத்து நிழல், அதுக்கப்புறம் தான் எடம். மதுரைல மே நடுவுல சூரியன் 6 மணிக்கு கொஞ்சம் முன்னாடியே உதிச்சிரும், ஆறரைக்கு மறையும். நம்ம பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கோம்ங்குறதால சூரியன் சாய்வா ஊர்ந்து வராது, நெட்டுக்குத்தலா மேல ஏறிரும். வெளிநாட்டுக்காரங்க வீடியோல கோல்டன் அவர்னு, அதாவது சூரியன் தாழ்வா இருக்குற மெத்துன வெளிச்ச நேரம்னு, ரெண்டு மணி நேரம் சாவகாசமா எடுக்குறத பாத்துட்டு அதே மாதிரி பிளான் போட்டா நடக்காது, நமக்கு கிடைக்கிறது 6 மணில இருந்து ஏழு, ஏழே கால் வரைக்கும் தான். 8 மணிக்கெல்லாம் வெளிச்சம் முகத்துல சுள்ளுனு விழும். ஒன்பது தாண்டுனா நம்ம நிழல் நம்ம உயரத்த விட சின்னதா போயிரும், அதுக்கப்புறம் வெட்டவெளில ஆள நிறுத்துனா கண்ணு ரெண்டும் குழி விழுந்து, மூக்குக்கு கீழ கருப்பா ஒரு கோடு விழுந்து, எவ்வளவு அழகான மனுசங்களும் களச்சுப்போய் தெரிவாங்க. மறுபடி அந்த நிழல் நம்ம உயரத்துக்கு வர்றது மூணே காலுக்கு மேல தான். இடைப்பட்ட நேரம் பூரா நிழலுக்கு உள்ள தான் வேலை.

இப்ப உங்க லிஸ்டுக்கு வாறேன். நாயக்கர் மஹால் அருமையான எடம், அந்த தூணுங்களுக்கு நடுவுல நிழல்ல நின்னா முற்றத்துல விழுற வெயில் திரும்பி வந்து முகத்த அப்படியே நிறைக்கும். ஆனா காலையில 9 மணிக்கு தான் திறப்பாங்க, லீவு நாள்னா கூட்டம் நெட்டித்தள்ளும், தொல்லியல் துறை எடம்ங்குறதால கேமரா டிக்கெட் வேற, டிரைபாட் லைட்டெல்லாம் வச்சு ஷூட் மாதிரி பண்ணணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். ஏழு மாச பிள்ளத்தாச்சிய கூட்டத்துக்குள்ள கூட்டிட்டு போய் நிறுத்தி வைக்கிறது எனக்கு சரியா படல.

தெப்பக்குளம் காலையில ஆறு மணிக்கு போனா நல்லாருக்கும், தண்ணிக்கு நடுவுல மைய மண்டபம் பேக்கிரவுண்டா வரும், வாக்கிங் போறவங்க தவிர யாரும் இருக்க மாட்டாங்க. சாயங்காலம் போகவே போகாதீங்க. ஊரே அங்க தான் நிக்கும், அது ஒரு பக்கம்னா இன்னொரு விஷயம் யாரும் யோசிக்கிறதில்ல, பகல் பூரா வெயில் குடிச்ச கல்லு சாயங்காலம் அந்த சூட்ட வெளிய தள்ளிட்டே இருக்கும். கருங்கல் சுவர், படிக்கட்டு, மலைப்பாறை எல்லாமே அப்படித்தான். வெயில் தாழ்ந்துருச்சேன்னு போய் உக்காந்தா அடியில இருந்து அனல் அடிக்கும். அதனால கல்லு இருக்குற எடம் எல்லாத்துக்கும் காலை தான்.

இதே தான் கீழக்குயில்குடிக்கும். மலை மேல ஏறுற பேச்சே வேணாம், அடிவாரத்துலயே தாமரைக்குளம் இருக்கு, பக்கத்துல பெரிய பெரிய ஆலமரம் இருக்கு, காலையில தாமரை விரிஞ்சிருக்கும், விழுதுக்கு இடையில அக்காவ நாற்காலி போட்டு உக்கார வச்சு மலைய பின்னாடி வச்சு எடுங்க. ஞாயித்துக்கிழமைய மட்டும் விட்டுருங்க. அங்க அய்யனார் கோயில் இருக்கு, மக்கள் சாமி கும்பிட வர்ற எடம், அவங்களுக்கு தொந்தரவு இல்லாம எடுக்கணும். கோயிலுக்கு உள்ள எடுக்கணும்னு யாராச்சும் ஐடியா குடுத்தா கேக்காதீங்க, 2022 டிசம்பர்ல ஹைகோர்ட்டு கோயிலுக்குள்ள செல்போனே கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு, கேமரா பத்தி சொல்லவே வேணாம்.

நிழல்லயும் எல்லா நிழலும் ஒண்ணு கிடையாது. தென்னந்தோப்பு பாக்க அழகா இருக்கும், ஆனா ஓலை இடுக்குல வெயில் பட்டை பட்டையா முகத்துல விழும், ஒரு கன்னம் வெளுத்து ஒரு கன்னம் இருட்டா நிக்கும், அத எடிட்டிங்ல சரி பண்ண முடியாது. ஆலமரம், மாமரம், புங்கமரம் இதுங்க நிழல் தான் அடர்த்தி. புங்கை இந்த சீசன்ல புது இலை விட்டு தளதளன்னு நிக்கும், ரோட்டோரமா ஒரு நல்ல புங்கமரம் கிடைச்சா அதுவே போதும்.


ரெண்டு_பிள்ளை_அம்மா:

தம்பி நான் போட்டோகிராஃபர் இல்ல, ஆனா போன கோடையில இதே மாதிரி வயித்துல பிள்ளையோட ஷூட்டுக்கு நின்னவ, அதனால அந்த பக்கத்துல இருந்து சொல்றேன்.

எங்களுக்கு எடுத்தவங்க ஒரு ஸ்டுடியோ, பேரு வேணாம். காலையில ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம்னு சொல்லிட்டு அவங்க வந்து செட் பண்ணி முடிக்கவே ஒன்பதரை ஆயிருச்சு, பட்டுப்புடவையும் நகையும் போட்டுட்டு பொட்டல்ல நிக்க வச்சு இன்னும் ஒண்ணு இன்னும் ஒண்ணுன்னு எடுத்துட்டே இருந்தாங்க, எனக்கு கண்ண இருட்டிட்டு வந்துருச்சு. படத்துல என் முகத்த பாத்தா சிரிக்கிறேன், ஆனா எனக்கு தெரியும் அந்த நேரம் நான் எப்படி இருந்தேன்னு. இப்பவும் அந்த ஆல்பத்த எடுத்து பாக்க மனசு வரல. உங்க அக்காவுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

மொதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க. எடம் பாக்கும்போது வெளிச்சத்த மட்டும் பாக்காதீங்க, பக்கத்துல பாத்ரூம் இருக்கான்னு பாருங்க, ஏழாம் மாசத்துல அது எவ்வளவு அவசரம்னு ஆம்பளைங்களுக்கு புரியாது. கார் எவ்வளவு பக்கத்துல வரும்னு பாருங்க. உக்கார்ற மாதிரி ஒரு நல்ல நாற்காலி கண்டிப்பா வேணும், நிக்கிற போஸ் எல்லாம் கம்மியா வச்சுக்கங்க, ரொம்ப நேரம் ஒரே எடத்துல நின்னா தான் தலை சுத்தும். சாப்பிடாம கூட்டிட்டு போகாதீங்க, இட்லி ரெண்டாச்சும் சாப்பிட வச்சு, நீர்மோர், இளநீர், சாதா தண்ணி எல்லாம் கையில இருக்கணும். தலைவலி, மயக்கம், வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னா அந்த நிமிசமே கேமராவ கீழ வச்சுட்டு குளிர்ச்சியான எடத்துக்கு கூட்டிட்டு போங்க, கொஞ்ச நேரத்துல சரியாகலைன்னா ஆஸ்பத்திரி தான்.

அப்புறம் புடவை. பட்டு ஃபங்ஷனுக்கு கட்டிக்கட்டும், வெளிய எடுக்குறதுக்கு சுங்குடி கட்டச் சொல்லுங்க. நம்ம ஊரு சேலை, பருத்தி, காத்தோட்டமா இருக்கும், அந்த புள்ளி டிசைன் படத்துல ரொம்ப அழகா வரும், வயிறும் எடுப்பா தெரியும். மல்லிகைப்பூ காலையில வச்சா மொட்டா தான் இருக்கும், சாயங்காலம் தான் விரியும், ரெண்டுமே அழகு தான், ஆனா வீட்டுல இருந்தே வச்சுட்டு போகாம ஈரத்துணில சுத்தி எடுத்துட்டு போய் எடுக்குறதுக்கு முன்னாடி வைங்க, இல்லைன்னா வாடி தொங்கிரும்.


செட்டிநாட்டு_வெளிச்சம்:

நான் காரைக்குடி பக்கம். வெயில் காலத்துல நாங்க வெளிய போறதே இல்ல, எங்க பழைய வீடுகளே ஷூட்டுக்கு போதும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடின்னு நிறைய வீடுகள இப்ப தங்குறதுக்கும் படம் எடுக்குறதுக்கும் வாடகைக்கு விடுறாங்க. நடுவுல முற்றம், சுத்தி தூண் வச்ச வளவு, வானத்துல இருந்து வர்ற வெளிச்சம் முற்றத்து தரையில பட்டு நாலு பக்கமும் போகும், அதுக்கு மேல சுண்ணாம்பு பூச்சு சுவரு வழவழன்னு மின்னும், அதுவும் வெளிச்சத்த திருப்பி அனுப்பும். அந்த காலத்துல வெக்கைக்காக கட்டுனது, ஆனா போர்ட்ரெய்ட்டுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கும். பர்மா தேக்கு தூண் ஓரமா ஆள நிறுத்தி முற்றத்த பாத்து முகத்த திருப்பச் சொன்னா போதும், ரெஃப்ளெக்டரே வேணாம், கண்ணுல வானம் அப்படியே ஒரு வெள்ளை சதுரமா விழும்.

நேரம் மட்டும் கவனிக்கணும். உச்சி வெயில்ல முற்றத்து நடுவுல நேரா வெயில் விழும், அப்ப கான்ட்ராஸ்ட் ரொம்ப கூடிரும், தரை முழுக்க எரிஞ்சு போயிரும். 10 மணி வாக்குல, இல்ல மூணு மணிக்கு மேல, வெயில் முற்றத்து ஒரு ஓர சுவத்துல மட்டும் படும்போது எதிர்ப்பக்க வளவுல நின்னு எடுங்க, அது தான் டாப். ஆத்தங்குடி டைல்ஸ் மேல ஜாக்கிரதை, செவப்பு பச்சை கலரெல்லாம் தாடைக்கு கீழ ஏறும், கால் பக்கத்துல ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சுட்டா சரியா போயிரும்.

மதுரைல இருந்து ஒண்ணரை ரெண்டு மணி நேரம் கார்ல. ரோடு நல்லாருக்கு, ஆனா அக்காவுக்கு அவ்வளவு தூரம் ஒத்துக்குமான்னு நீங்க தான் முடிவு பண்ணணும். வாடகை மணிக்கணக்கு தான், எத்தன பேரு, எந்தெந்த அறை, லைட்டு போடலாமா, எல்லாத்தையும் முன்கூட்டியே பேசி முடிச்சுட்டு போங்க.


கம்பம்_காத்து:

கொடைக்கானல் வேணாம்ங்க. மே மாசம் சீசன் உச்சம், மலர் கண்காட்சி வேற நடக்கும், 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட்டு உத்தரவுப்படி இ-பாஸ் இல்லாம வண்டி மேல போக முடியாது. பாஸ் எடுத்தாலும் வத்தலக்குண்டு தாண்டி மலைரோட்டுல வளஞ்சு வளஞ்சு ஏறணும், டிராஃபிக்ல மாட்டுனா அவ்வளவு தான். வயித்துப்பிள்ளையோட அந்த வளைவு எல்லாம் எதுக்கு. குளுகுளுன்னு இருக்குறதால வெயில் சாதுன்னு நெனைக்காதீங்க, 2000 மீட்டருக்கு மேல, மேகம் இல்லாத நாள்ல முகத்துல அடிக்கிற வெயில் கீழ விட கூர்மையா இருக்கும், மஞ்சு இறங்குனா தான் லைட்டு சாஃப்ட்டா கிடைக்கும், அது எப்ப இறங்கும்னு யாரும் சொல்ல முடியாது. சிறுமலையும் அதே கதை தான், 18 கொண்டை ஊசி வளைவு.

மே கடைசி, ஜூன் ஆரம்பத்துல எங்க கம்பம் பள்ளத்தாக்குல தென்மேற்கு பருவக்காத்து எட்டிப்பாக்கும், மேகம் வந்து மூடும், திராட்சைத் தோட்டம் பந்தலுக்கு கீழ எடுத்தா அவ்வளவு நல்லாருக்கும். ஆனா உங்க தேதிக்கு அது ஒத்து வராது. குழந்தை பிறந்தப்புறம் வாங்க.


வைகைக்கரை:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொடைக்கானல் கேன்சல்னு மாமாகிட்ட இந்த திரெட்ட காட்டியே சொல்லிட்டேன். காரைக்குடி வீடு பாத்ததும் அக்காவுக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா தூரம் இடிக்குது.

ரெண்டு_பிள்ளை_அம்மா அக்கா, நீங்க சொன்ன பாத்ரூம் விஷயத்த நான் யோசிக்கவே இல்ல, அத கேட்டதும் எனக்கு வேற ஒரு எடம் ஞாபகம் வந்துச்சு. எங்க தாத்தா வீடு சோழவந்தான்ல இருக்கு, அப்பத்தா அங்க தான் இருக்காங்க. பழைய ஓட்டு வீடு, முன்னாடி திண்ணை, ரெண்டு மரத்தூண், சுவரு வெள்ளையடிச்சது, வாசல் தெக்கு பாத்தது. வீட்டுக்கு பின்னாடி கொஞ்ச தூரத்துல சொந்தக்காரங்க வெத்தலைக் கொடிக்கால் இருக்கு. அங்கயே எடுத்துரலாமா? எனக்கு ஒரே ஒரு சந்தேகம், எல்லா வீடியோலயும் ஜன்னல் லைட்டுன்னா வடக்கு ஜன்னல் தான் பெஸ்ட்டு, தெக்கு பக்கம் வெயில் அடிக்கும்னு சொல்றாங்க. எங்க திண்ணை தெக்கு பாத்து இருக்கே, பகல்ல வெயில் விழுந்துராதா?


மேலமாசி_கேமரா:

தம்பி, தெக்கு பாத்த திண்ணைய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் எடம் தேடிட்டு இருந்திருக்கீங்களே! மே மாசத்துல மதுரைக்கு அத விட நல்ல எடம் கிடைக்காது.

அந்த வடக்கு ஜன்னல் கணக்கு ஐரோப்பா, அமெரிக்காவுக்கு. அங்க சூரியன் வருசம் பூரா தெக்கு பக்கமா தான் போகும், அதனால வடக்கு ஜன்னல்ல நேர் வெயில் கிட்டத்தட்ட விழாது, ஓவியம் வரையிறவங்க ஸ்டுடியோவெல்லாம் அதனால தான் வடக்க பாத்து கட்டுனாங்க. நம்ம எடம் அப்படி இல்ல. மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் நடுவுல நிழலில்லா நாள்னு ஒண்ணு வரும், அன்னைக்கு நடுப்பகல்ல சூரியன் உச்சந்தலைக்கு நேரா நிக்கும். அதுக்கப்புறம் சூரியன் நமக்கு வடக்க போயிரும், திரும்பி வர்றது ஆகஸ்ட் கடைசில. இடையில இருக்குற மாசம் எல்லாம் சூரியன் வடகிழக்குல உதிச்சு, நடுப்பகல்ல தலைக்கு கொஞ்சம் வடக்க சாஞ்சு, வடமேற்குல மறையும். அப்படின்னா என்ன அர்த்தம், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தெக்கு பாத்த சுவத்துல நேர் வெயில் படவே படாது. வடக்கு சுவரு தான் காயும். சென்னைல இருக்குறவங்களுக்கும் இதே கணக்கு தான், அங்க ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும். டிசம்பர்ல இதே திண்ணைல போய் நின்னா கதை அப்படியே தலைகீழ், அப்ப வெயில் நேரா உள்ள வரும்.

சந்தேகமா இருந்தா ஒரு நாள் 12 மணிக்கு வாசல்ல போய் நின்னு பாருங்க. மே நடுவுல 20 அடி உயர சுவருக்கு தெக்கால ஒரு 3 அடி அகலத்துக்கு நிழல் கிடக்கும். உங்க வீட்டுக்கு ஓட்டு இறவாரம் வேற முன்னாடி நீண்டு இருக்கும், திண்ணை முழுக்க நிழல் தான். அந்த நிழலுக்கு வெளிய வாசல் மண்ணு வெயில்ல பளீர்னு கிடக்கும் பாருங்க, அது தான் உங்க லைட்டு. அது கீழ இருந்து முன்னாடியா வந்து முகத்துல விழும், கண்ணுக்குழி நிழல் எல்லாம் தானா நிறஞ்சிரும். சோழவந்தான் மண்ணு கொஞ்சம் பழுப்பா இருக்கும், ஸ்கின்டோன் கூடுதலா மஞ்சள் அடிச்ச மாதிரி தெரிஞ்சா வாசல்ல ஒரு வெள்ளை பெட்ஷீட்ட விரிச்சு போடுங்க, இல்லைன்னா வாசல் தெளிச்சு பெருசா அரிசிமாக்கோலம் போடச் சொல்லுங்க, படத்துலயும் வரும், தண்ணி தெளிச்ச தரை கொஞ்சம் குளுந்து போகும்.

அக்காவ தூணுல சாஞ்ச மாதிரி உக்கார வச்சு, முகம் வெளிய பாத்து கொஞ்சம் திரும்பி இருக்கணும். நீங்க வாசல்ல வெயில்ல நிக்காம திண்ணையோட அந்த கோடில உக்காந்து, திண்ணை நீளத்துக்கு எடுங்க, அப்ப பின்னாடி வெள்ளை சுவரும் ரெண்டாவது தூணும் ப்ளர்ல போகும். லென்ஸ் திறப்பு எஃப் 2.2, 2.8 போதும், ரெண்டு பேரா உக்காந்தா எஃப் 4க்கு ஏத்திக்கங்க. வெளிய இருக்குற வெயில் ஃப்ரேமுக்குள்ள வந்துச்சுன்னா கேமரா ஏமாந்து முகத்த இருட்டாக்கிரும், ஒரு சின்ன எடத்த மட்டும் அளக்குற ஸ்பாட் மீட்டரிங் வச்சு கன்னத்துல அளந்துக்கங்க.

இன்னொண்ணு, இத நான் எல்லா புது பசங்ககிட்டயும் சொல்றது. அக்கா என்ன நிறமோ அந்த நிறத்துலயே எடுங்க. எக்ஸ்போஷர ஏத்தி, எடிட்டிங்ல ஸ்லைடர தள்ளி வெளுக்க வைக்காதீங்க. நல்ல நிழல் வெளிச்சத்துல மாநிறமும் கருப்பும் எவ்வளவு ஆழமா, எவ்வளவு மினுமினுப்பா வரும்னு எடுத்து பாத்தா தான் தெரியும். மதிய வெயில்ல எடுத்து மேக்கப் போட்டு வெளுத்து, அவங்க முகமே இல்லாத ஒரு முகத்த ஆல்பத்துல ஒட்டி குடுக்குறாங்க, எனக்கு அத பாக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.


லைட்மேன்_வடபழனி:

சினிமா யூனிட்ல லைட்டு வேலை பாக்குறேன், தம்பி கேட்டதுக்கு என் பங்குக்கு கொஞ்சம்.

ஸ்பீட்லைட்ட மறந்துருங்க. மே வெயிலோட போட்டி போட அந்த சின்ன ஃபிளாஷால முடியாது, வேகமான ஷட்டருக்கு ஃபிளாஷ் அடிக்கிற ஹைஸ்பீடு சிங்க்ல வச்சா பவர் இன்னும் இறங்கும், படபடன்னு அடிச்சா சூடேறி கொஞ்ச நேரம் வேலை செய்யாது. அவுட்டோர்ல நாங்க பகல்ல ஆர்ட்டிஸ்ட் முகத்துக்கு பண்றது ரெண்டே வேலை, மேல ஸ்கிம்மர் துணிய கட்டி வெயில வடிகட்டுறது, கீழயோ பக்கத்துலயோ தெர்மாகோல் வச்சு வெளிச்சத்த திருப்புறது. உங்களுக்கு ஸ்கிம்மர் வேணாம், மெல்லிசான வெள்ளை வேட்டி போதும், நாலு மூலைக்கு கயிறு கட்டி ஆலமரத்துலயோ கம்புலயோ இழுத்து பிடிச்சா அதே வேலை செய்யும். காத்து அடிச்சா பறக்கும், ஒரு ஆள் பிடிச்சுக்கணும். தெர்மாகோல் ஷீட்டு ஸ்டேஷனரி கடையில கிடைக்கும், விலை ஒண்ணும் பெருசா இருக்காது. சில்வர் ரெஃப்ளெக்டர் மட்டும் கொண்டு போகாதீங்க, அத வச்சு வெயில முகத்துல அடிச்சா கண்ண திறக்கவே முடியாது, சூடும் அடிக்கும், கர்ப்பிணி பொண்ணுக்கு அது தேவையில்லாத கொடுமை.

கொடிக்கால் சொன்னீங்கள்ல, அது சூப்பர் எடம், ஏன் யாரும் அங்க எடுக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு புரியல. அகத்தி மரத்துல வெத்தலைக்கொடி ஏத்தி விட்டிருப்பாங்க, ரெண்டு பக்கமும் பச்சை சுவரு மாதிரி நிக்கும், மேல அகத்தி இலை வெயில சலிச்சு விடும், உள்ள போனா வெளிய விட நல்லா குளுமையா இருக்கும். சோழவந்தான் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க, வளைகாப்புக்கு வெத்தலை பாக்கு இல்லாம நடக்குமா, இத விட பொருத்தமான பேக்கிரவுண்ட் எங்க கிடைக்கும். ஆனா ரெண்டு விஷயம். தரை எப்பவும் ஈரமா இருக்கும், வழுக்கும், அக்காவ உள்ள கூட்டிட்டு போகாம ஓரத்துல முதல் வரிசை பக்கத்துலயே காஞ்ச தரையா பாத்து உக்கார வைங்க. சுத்தி பூரா பச்சைங்குறதால தோல்ல பச்சை ஏறி முகம் நோயாளி மாதிரி வரும், அதுக்கு திறந்த வானம் இருக்குற பக்கம் முகத்த திருப்பி வச்சு, பக்கத்துல தெர்மாகோல நெருக்கமா பிடிச்சா சரியாகும். சேலையும் பச்சை வேணாம், செவப்பு இல்ல அரக்கு கட்டுனா கொடிக்கு நடுவுல தூக்கிக்காட்டும்.


ரெண்டு_பிள்ளை_அம்மா:

தாத்தா வீடுன்னதும் எனக்கு நிம்மதியா இருக்கு தம்பி. பாத்ரூம் இருக்கு, படுக்க எடம் இருக்கு, அப்பத்தா பக்கத்துல இருக்காங்க, வேற என்ன வேணும். உங்க அம்மாவும் ஒத்துக்குவாங்க பாருங்க. முந்தின நாள் ராத்திரியே போய் தங்கிருங்க, காலையில கார்ல அலைய வைக்காதீங்க. கொடிக்காலுக்கு உள்ள எங்க பக்கம் செருப்போட விட மாட்டாங்க, தோட்டக்காரங்ககிட்ட முன்கூட்டியே கேட்டுக்கங்க.


செட்டிநாட்டு_வெளிச்சம்:

திண்ணை தான் சரி, காரைக்குடிக்கு குழந்தையோட வாங்க. கேமராவ பத்தி ஒண்ணு, ராத்திரி ஏசி ரூம்ல வச்சிருந்தா காலையில எடுத்ததும் வெளிய வந்து மூடிய திறக்காதீங்க, லென்ஸ்ல ஆவி படியும். பைக்குள்ளயே வச்சு ஒரு அரை மணி நேரம் வெளிய இருக்கட்டும். அதே மாதிரி பூட்டுன கார்ல பேட்டரி, கார்டு எதையும் வெயில்ல விட்டுட்டு போகாதீங்க.


வைகைக்கரை:

அக்காகிட்ட படிச்சு காட்டுனேன், அழுதுருச்சு, சந்தோசத்துல தான். அம்மாவும் சரின்னுட்டாங்க. பிளான் இது தான், முந்தின நாள் சாயங்காலமே சோழவந்தான் போயிர்றோம், காலையில ஆறு மணிக்கு கொடிக்கால் ஓரத்துல அக்காவும் மாமாவும் மட்டும், அரக்கு சுங்குடி. ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு திரும்பிருவோம், சாப்பிட்டு படுத்து எந்திரிக்கட்டும். வெயில் ஏறுனப்புறம் பத்து மணி வாக்குல திண்ணைல அப்பத்தா அக்காவுக்கு வளையல் போட்டு விடுற மாதிரி, சும்மா பேசிக்கிட்டு இருக்குற மாதிரி எடுக்கப்போறேன். வேற எங்கயும் போகல.

கடைசியா ஒண்ணு கேக்கலாமா? கொடிக்காலுக்கு வீட்டுல இருந்து கொஞ்ச தூரம் நடக்கணும், திரும்பும்போது வெயில் வந்துரும், குடை பிடிச்சுட்டு வரும்போது அப்படியே நடந்து வர்ற படம் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். வீட்டுல பச்சை குடை ஒண்ணும் கருப்பு குடை ஒண்ணும் தான் இருக்கு, எது நல்லாருக்கும்?


லைட்மேன்_வடபழனி:

பச்சை குடைய தொடவே தொடாதீங்க, அந்த கலரு முழுக்க முகத்துல இறங்கும். கருப்பு குடை நிழல் குடுக்கும், ஆனா மேல இருந்து வர்ற வெளிச்சத்த முழுசா அடச்சிரும், முகம் ரொம்ப இருட்டா போகும்னா அப்பத்தா வெள்ளை சேலை கட்டுறவங்களா இருந்தா அவங்கள பக்கத்துல நடக்கச் சொல்லுங்க, அந்த வெள்ளையே முகத்துக்கு வெளிச்சம் குடுத்துரும். முடிஞ்சா டவுன்ல ஒரு வெள்ளை குடை வாங்கிருங்க, அது தான் நெசமாவே வேலைக்கு ஆகும், வெயிலயும் மறைக்கும், முகத்துல மெத்துனு லைட்டும் விழும். நடக்கும்போது மாமா அக்கா கைய பிடிச்சுக்கட்டும், வரப்பு மேடு பள்ளமா இருக்கும். ஷட்டர் 1/500க்கு கீழ இறக்காதீங்க.


வைகைக்கரை:

வெள்ளை குடை வாங்கிர்றேண்ணே. அப்பத்தா வெள்ளை சேலை கட்ட மாட்டாங்க, கண்டாங்கி தான் கட்டுவாங்க, ஆனா தெர்மாகோல் ஷீட்ட மாமா தம்பி பிடிச்சுட்டு கூடவே நடக்குறேன்னுட்டான். எடுத்துட்டு வந்து இங்கயே போடுறேன்.